நான் எதற்கு வந்தவள்

அன்பு மகன் இப்திகாருக்கு கொட்டாஞ்சேனையிலிருந்து உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் பஸ்லாவும் குழந்தை அம்மாரும் ஜித்தாவில் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும், உன்னோடு கோபம் என்றாலும் இதைக் கேட்காமல் என் தொழுகை ஒன்றும் முடிவதில்லை. இங்கே நாங்கள் சுகம். வாப்பாவுக்கு முழங்கால் அப்படியேதான், பள்ளிவாசலுக்கு த்ரீவீலில் போய் வருகிறார், டொக்டர் நடக்கச் சொன்னால் இவர் டொக்டருக்குப் புத்தி சொல்லிவிட்டு வருகிறார். இரண்டு நாள் மழைக்கே நம் ஒழுங்கையில் தண்ணீர் நிற்கிறது. நீ எடுக்கிற கோல்களுக்கு நான் பதில் சொல்வதில்லை என்று உன் ராத்தாவிடம் முறைப்பட்டாயாம். போனில் என்றால் நான் பாதி சொல்லும்போதே நீ சமாதானம் சொல்லத் தொடங்கிவிடுவாய். அதனால்தான் கடதாசியில் எழுதி, ஜித்தாவுக்கு வேலைக்குத் திரும்புகிற எதிர்வீட்டு எவ்லின் மிஸ்ஸின் மகன் றொபேட்டின் கையில் கொடுத்து விடுகிறேன். இதை நீ இடையில் மறிக்க ஏலாது.

மகன், நீ என்னை மக்காவுக்கு, உம்ரா செய்ய என்றுதானே கூப்பிட்டாய்? அந்த ஒரு சொல்லை நம்பி நான் வீடு வீடாகப் போய், செய்த பிழை பொறுக்கச் சொல்லி மாப்புக் கேட்டேன். வத்தளைக்குப் பஸ் ஏறி, உன் கலியாணத்தோடு பேச்சை விட்ட றலியா மாமியின் வாசலில் போய் நின்றேன். அவள் கதவைத் திறந்து என்னைக் கண்டதும் அழுதுவிட்டாள், 'மச்சி, கஃபாவக் கண்டா எனக்கும் துஆ கேளுங்க' என்று கையைப் பிடித்துக்கொண்டாள். எவ்லின் மிஸ்கூடத் தன் மகளுக்காகக் கேட்கச் சொல்லி கேக் சுட்டுத் தந்தாள். பேரப்பிள்ளை பார்க்கப் போகிறவள் ஊரெல்லாம் மாப்புக் கேட்டுக்கொண்டு திரிவாளா, நீயே சொல்லு.

புறப்படுவதற்கு முதல் நாள் நீ கோல் எடுத்து, 'உம்மா, ப்ளேன்ல நிய்யத் வெக்கத் தேவயில்ல, ஜித்தாக்கு வந்து ஆறுதலா வெச்சிக்கொளேலும், இங்க எல்லாரும் அப்பிடித்தான் செய்ற' என்றாய். உம்ராவுக்குப் போகிறவர்கள் அதை மனதில் நிய்யத் வைத்து இஹ்ராமுக்குள் நுழையாமல் மீக்காத் எல்லையைத் தாண்டக் கூடாது, நுழைந்தால் உம்ரா முடியும் வரை வெளியே வர ஏலாது என்று மத்ரஸாவில் படித்து வந்து எனக்கே ஒப்பித்துக் காட்டிய பிள்ளை நீ. அந்த ஊரில் இருக்கிறவனுக்குத் தெரியாதா என்று நானும் நம்பிவிட்டேன். மீக்காத் வருகிறது என்று விமானத்தில் அறிவித்தார்கள். ஆண்கள் எல்லாரும் வெள்ளைத் துணியில் இருந்தார்கள், என்னைச் சுற்றி 'லப்பைக்' என்று ஒரே தல்பியாச் சத்தம், பக்கத்தில் இருந்த புத்தளத்துப் பெண் 'நீங்க நிய்யத் வெக்கலயா' என்று கேட்டாள். மகன் ஜித்தாவில் வைக்கச் சொன்னார் என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

வந்து இறங்கியபோது பஸ்லா பிள்ளைப்பேற்று ஒப்பரேஷன் முடிந்து படுக்கையில், குழந்தை தொட்டிலில், குசினியில் கழுவாத பாத்திரம். நான் இஹ்ராமோடு வந்திருந்தால் நேரே மக்காவுக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்திருக்கும், அதுதானே உனக்குக் கஷ்டம். நாளைக்கு, வெள்ளிக்கிழமைக்கு, லீவு கிடைத்ததும் என்று விசா முடியும் வரை இழுத்தாய். பஸ்லாவில் எனக்கு ஒரு குறையும் இல்லை, அவள் பாவம், நான் மக்காவில் உம்ரா முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன் என்று நினைத்திருந்தாள். அம்மாரைக் குளிப்பாட்டிய ஒரு நாளாவது எனக்குப் பாரமாக இருந்ததா? இல்லை. நீ உள்ளதைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் அதற்கும் நான் ஓடித்தான் வந்திருப்பேன். அல்லாஹ்வின் வீட்டைக் காட்டி என்னைக் கூப்பிட்டு உன் வீட்டில் வைத்துக்கொண்டாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

கடைசி வாரம் அவசரமாகக் கூட்டிப்போனாய். உம்ரா முடித்துத் திரும்பும் வழியில் என் மனம் கேட்கவில்லை, மீக்காத்தைச் சும்மா தாண்டி வந்ததற்கு ஒரு மௌலவியிடம் கேள் என்றேன். நீ காரில் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டாய். உம்மா எந்த நோக்கத்தோடு வந்தார் என்று அவர் கேட்டார். நீ கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. 'உம்மா புள்ளயப் பாக்கத்தான் வந்த, மௌலவி. உம்ரா பொறகு யோசிச்சது' என்றாய். அப்படியென்றால் ஜித்தாவில் நிய்யத் வைத்தது சரி, குற்றமில்லை, உம்ராவுக்கென்றே வந்திருந்தால்தான் பரிகாரமாக ஆடு அறுத்துத் தம் கொடுக்க வேண்டும் என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார். நீ என் பக்கம் திரும்பிச் சிரித்து, 'பாத்தீங்களா உம்மா, ஒண்டும் இல்ல' என்றாய். என் நிய்யத்தை என் பக்கத்திலேயே இருந்துகொண்டு மாற்றிச் சொன்னாய். அன்றைக்குத்தான் எனக்கு எல்லாம் விளங்கியது, ஜித்தா வரும் வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன், உம்மா களைத்துப் போனார் என்று நீ ஏசியைக் குறைத்தாய். வாப்பாவிடம் சொன்னால் பேரப்பிள்ளைதானே, விடு என்கிறார். நான் விடவில்லை.

பஸ்லாவைப் பாரம் தூக்க விடாதே, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் இன்டர்நெட்டைப் பார்த்து மருந்து கொடுக்காதே. ஐந்து நேரத் தொழுகையை விடாதே. அல்லாஹ் உன் தொழிலிலும் பிள்ளையிலும் பரக்கத் செய்யட்டும், அம்மார் வளர்ந்து உன்னிடம் உள்ளதை உள்ளபடி பேசுகிற மகனாக இருக்கட்டும். ஞாபகமாக ஒன்று. நான் உம்ராவுக்கென்று புறப்பட்டவள், ஆகையால் என் மேல் தம் இருக்கிறது. மக்காவில் என் பேரில் ஓர் ஆடு அறுத்து அங்குள்ள ஏழைகளுக்குக் கொடு. வாப்பா வேறு ஆள் பிடித்துச் செய்விக்கிறேன் என்றார், வேண்டாம் என்றேன், நீதான் நேரில் நின்று அறுப்பிக்க வேண்டும். அறுக்கிறவரிடம் உம்மா எதற்கு வந்தார் என்பதையும் உன் வாயாலேயே சொல்லு. அதுவரை எனக்குக் கோல் எடுக்காதே. அறுத்த அன்றைக்கு எடு, முதல் மணியிலேயே எடுப்பேன்.

உம்ராவுக்கு வந்த உன் உம்மா,
மஸாஹிரா