எந்த அணி என்று கேட்டார்கள்

மாப்ள,

பீரோவைத் துடைக்கத் திறந்தவன் அந்துருண்டை வாசத்தில் அப்படியே நின்றுவிட்டேன். அடித்தட்டில் திருமானூரில் எனக்குப் போட்ட பொன்னாடை, சரிகை கறுத்துக் கிடக்கிறது. அன்று உனக்குப் பொன்னாடை போட மறந்துவிட்டார்கள். மறந்ததாகத்தான் சொன்னார்கள்.

அரியலூரில் எல்லோருக்கும் நான் பாய். நீ ஒருவன்தான் மாப்ள என்று கூப்பிட்டவன். ஆபீஸில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி, திருவிழாப் பட்டிமன்றத்தில் எதிரெதிர் நாற்காலி. போகும் பஸ்ஸிலேயே மேடைச் சண்டையைப் பேசி வைத்துக்கொள்வோம். என் பாயிண்டுகளில் பாதியை நீதான் எடுத்துக் கொடுப்பாய். பிறகு மேடையில் நீயே அதை மடக்கிக் கைதட்டு வாங்குவாய், கிராதகா.

கார்கிலில் சண்டை நடந்த வருஷம் திருமானூரில் கொடுத்த தலைப்பு, ‘எல்லைப் போருக்குப் பொறுப்பு யார்? அத்துமீறி நுழைந்தவர்களா, பேசித் தீர்க்காத தலைவர்களா?’ உனக்கு முதல் அணி, எனக்கு இரண்டாவது. பஸ்ஸில் நீ சொன்னாய்:

“எல்லைக் கோட்ட இங்க போடலாமா அங்க போடலாமான்னு அம்பது வருஷமா ரெண்டு பக்கமும் இழுத்துக்கிட்டே கெடக்குறாங்க. அங்க குடியிருக்கவன ஒரு வார்த்த கேட்டாங்களா? இதச் சொல்லு மாப்ள. எப்படி மடக்குறதுன்னு எனக்கே தெரியல.”

நான் மைக் முன்னால் நின்று “நடுவர் அவர்களே” என்பதற்குள் கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

“பாய், நீங்க எந்த அணி?”

பட்டிமன்றத்தில் யாரும் கேட்கிற கேள்விதான். நடுவரும் சாதாரணமாக, “ரெண்டாவது அணிங்க” என்றார். கூட்டம் சிரித்தது. கேட்டவர் எதை நினைத்துக் கேட்டாரோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. என் காதில் அது ஒரு மாதிரியாகத்தான் விழுந்தது.

அதற்குப் பிறகு நான் என் அணிக்காகப் பேசவே இல்லை. என் கடைசிச் சொட்டு ரத்தமும் தாய்நாட்டுக்கே என்று கத்தினேன். நுழைந்தவர்களைத் திட்டித் தீர்த்தேன். தலைவர்களைப் பற்றி மூச்சு விடவில்லை. என் அணிக்காரர்கள் திருதிருவென்று விழித்தார்கள். அப்படியொரு கைதட்டு நான் வாங்கியதே இல்லை. ஒருவர் மேடையேறி என் கையைப் பிடித்துக்கொண்டு, “பாய்னா இப்படி இருக்கணும்” என்றார். அவரைக் கும்பிட்டேன். கும்பிட்டதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அடுத்து நீ. நான் சொன்னதையே சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். நீ சிரிக்காமல் மைக்கைப் பிடித்தாய்.

“எனக்கு எதிரணியே இல்லாமப் போச்சுங்க. காலியா கெடக்குற நாற்காலிக்கும் சேத்து நானே பேசிடுறேன்.”

பஸ்ஸில் எனக்குக் கொடுத்ததை ஒன்று விடாமல் பேசினாய். ஒரு கைதட்டு இல்லை. “உக்காருய்யா” என்றார்கள், கிறுக்கு என்று சிரித்தார்கள். ஆனால் நீ எந்த அணி என்று யாரும் கேட்கவில்லை. உன்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.

 திரும்பும் பஸ்ஸில் பாதி வழியில் மெதுவாகக் கேட்டாய்.

“பயந்துட்டியா?”

“கேட்டாங்கள்ல.”

“ஒருத்தன் கேட்டான். அவனுக்குத்தான் நடுவரே பதில் சொல்லிட்டாரே. நீ யாருக்குடா சொன்ன?”

உனக்கென்ன தெரியும் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதிலிருந்து எந்த மேடையிலும் வணக்கத்துக்கு அடுத்து அந்தக் கடைசிச் சொட்டு ரத்தத்தைத்தான் சொன்னேன். கொடியேற்ற என்னைக் கூப்பிட்டார்கள். மகள் கல்யாணத்துக்கு அழைக்கப் போன வீடுகளில்கூட, பேச்சோடு பேச்சாக நாட்டுப்பற்றை நுழைத்துவிட்டுத்தான் வெற்றிலை பாக்கை நீட்டினேன். நீ பார்த்துக்கொண்டே இருந்தாய். அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை.

நீ மவுத்தான பிறகு, போன மாதம் மீன்சுருட்டியில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். உன் மனைவி, எனக்குத் தங்கச்சி, முன்வரிசையில் இருந்தாள். “அண்ணே, நீங்க ரெண்டு வார்த்த பேசுங்க” என்றாள். உன்னைப் பற்றிச் சொல்ல எனக்கு எவ்வளவோ இருந்தது. எழுந்து போய் மைக்கைப் பிடித்தேன்.

“இந்த மண்ணுக்காக உயிரையும் கொடுக்கத் தயாராக இருக்கும் நான்...”

எந்த அணி என்று யாரும் கேட்கவில்லை, மாப்ள. வந்தவர்கள் வழக்கம்போலத் தலையாட்டினார்கள். தங்கச்சி மட்டும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். உன் பெயரை அதற்குப் பிறகுதான் சொன்னேன்.