ஊரே அவசரப்பட்டு நோன்பு திறந்த மாலை

அன்பு அத்தாவுக்கு, மண்ணுக்கு மேலேயிருந்து உங்கள் பிள்ளையின் ஸலாம்.

திண்டிவனத்தில் ஒரு பெரிய காரியம் நடந்திருக்கிறது. நம் பள்ளிவாசல் கடிகாரம் என்றைக்கும் சர்க்காரின் புது நேரத்தைக் காட்டாது, பழைய நேரத்தைத்தான் காட்டும் என்று ஜமாஅத் கூடி ஏகமனதாகத் தீர்மானித்துவிட்டது. பிற்பகல் அசர் தொழுதுவிட்டு உட்கார்ந்தவர்கள் அந்தி மக்ரிப் வரை விவாதித்தார்கள். லண்டனுக்குத் தந்தி கொடுத்துத் தெரிவிப்பதா என்பதை மட்டும் ஒத்திவைத்திருக்கிறோம். யுத்தம் முடியட்டும் என்று தொழுகை நடத்தும் ஹஜ்ரத் அபிப்பிராயப்பட்டார்.

இதை வேறு சிலரும் படிப்பார்கள். ஆகவே உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வேர்க்கடலை வாங்கி விற்கும் மல்லாட்டை மண்டியில் சாக்குத் தைத்தீர்கள். ரமலானில் பள்ளிவாசல் முரசான நகராவை அடித்து, நோன்பு திறக்கும் நேரத்தை ஊருக்கு அறிவித்தீர்கள். மண்டிக்கு யார் முதலாளியோ அவரே பள்ளிவாசலை நிர்வகிக்கும் முத்தவல்லி. சென்ற வருஷம் யுத்தத்தை முன்னிட்டு சர்க்கார் எல்லாக் கடிகாரங்களையும் ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. நம் பள்ளிவாசல் நோன்பு நேரங்கள் பழைய மணியிலேயே நின்றன. சூரியனுக்கு உத்தரவு போகவில்லை.

அன்று வானம் கறுத்துக் கிடந்தது. பள்ளிவாசல் கடிகாரம் பழுது பார்க்கப் போயிருந்தது. முதலாளி காலையில் விழுப்புரம் ஜங்ஷனுக்குப் போய்த் திரும்பியவர். கஞ்சி வாங்க வந்த நான் நகராவுக்குப் பக்கத்தில் தூக்குடன் நின்றேன்.

"இன்னா பார்த்துக்கினு நிக்கிறே? நேரமாச்சு, ஜல்தி அடி" என்றார் முதலாளி உங்களிடம், பைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.

"சூரியன் தெரியலீங்களே மொதலாளி."

"சூரியன் வந்து உங்கிட்ட சொல்லிக்கினு போவுமா? வாட்சு சொல்லுது, அடி."

அடித்தீர்கள். ஊர் நோன்பு திறந்தது. கஞ்சி பாதி இறங்குவதற்குள் மேகம் விலகி, சூரியன் பனைகளுக்கு மேலே நின்று எங்கள் எல்லோரையும் பார்த்தது. அத்தனை பேருக்கும் அன்றைய நோன்பு போயிற்று. அதற்கு ஈடாக ரமலானுக்குப் பிறகு ஒரு நாள் களா நோன்பு பிடிக்க வேண்டும்.

"யாருய்யா அடிக்கச் சொன்னது?" என்று கூட்டம் இரைந்தது.

"யாரும் சொல்லலே, இவனா அடிச்சான்" என்றார் முதலாளி.

நீங்கள் வாயைத் திறந்தீர்கள், மூடிக்கொண்டீர்கள். நான் சொல்ல வந்ததையும் என் கையைப் பிடித்து நிறுத்தினீர்கள். வீட்டுக்கு வரும் வழியில் ஏன் என்று கேட்டேன்.

"நோம்பு வாயிலே சண்டை ஆவாதுடா."

"அந்த நோம்புதான் போயிடுச்சே அத்தா!"

"போனது வயித்து நோம்பு. நாக்கு நோம்பு அப்பிடியேதான் இருக்குது."

நோன்பினால் ஒழுக்கப் பயனும் உண்டு, சமூகப் பயனும் உண்டு என்று முதலாளி வருஷா வருஷம் பிரசங்கம் செய்வார். அன்று அது எனக்கு விளங்கியது. ஒழுக்கப் பயன் உங்களுக்குக் கிடைத்தது, சமூகப் பயன் அவருக்குக் கிடைத்தது. நகரா உங்கள் கையை விட்டுப் போனது. தெருவில் "இன்னா பாய், விடிஞ்சிடுச்சா?" என்று நடுப்பகலில் கேட்டார்கள். மூட்டை தூக்கும் கோவிந்தன் ஒருவன்தான் கேலி பேசவில்லை. நீங்கள் நோன்பிருக்கிறீர்கள் என்று மாதம் முழுக்க உங்கள் கண்ணெதிரே தண்ணீர் குடிக்காதவன் அவன். "எல்லாரும் உன்னியே சொல்றாங்க, நீ கம்முனு கீறியே பாய்" என்று அவன்தான் அழுதான். நோன்பின் பயன் நோன்பே இல்லாத ஒருவனுக்கு இவ்வளவு கிடைத்திருந்தது. அவனுக்கு யார் ஓதிக் கொடுத்தார்கள் அத்தா?

அவசரக்கார பாய் என்ற பெயரோடுதான் உங்களை அடக்கம் செய்தோம். அந்தப் பெயரை மண்ணுக்கு மேலே விட்டுப் போனீர்கள். அதை நான் எடுத்து வைத்துக்கொண்டேன்.

நோன்பாளி பழிவாங்கக் கூடாது. அதை மதித்து, ரமலான் பிறப்பதற்கு முன்பே, ஷஃபான் மாதத்துக் கூட்டத்திலேயே அந்த வேலையை முடித்துக்கொள்ளத் தீர்மானித்தேன். முதலாளி எழுந்து, நோன்பு பணக்காரனுக்கு ஏழையின் பசியைக் காட்டும், பொய்யிலிருந்து நாவைக் காக்கும் என்றெல்லாம் விளக்கினார். பிறகு என்னைக் காட்டி, "இவங்க அத்தா அடிச்ச அடியிலே போன வருஷம் ஊரே களா புடிச்சிது" என்றார். சிரித்தார்கள்.

நான் மரியாதையாக எழுந்து கேட்டேன்: "மொதலாளி என்னிக்கிக் களா புடிச்சீங்க?"

"நான் ஏன் புடிக்கணும்? அன்னிக்கி நான்தான் தொறக்கவே இல்லியே."

"கையிலே பேரீச்சம்பழம் வச்சிக்கினு இருந்தீங்களே?"

தன் பக்தியை நிலைநாட்டும் சந்தர்ப்பத்தை அவர் என்றைக்கு விட்டிருக்கிறார்? "வாயண்ட கொண்டுபோனேன். மறுக்கா வாட்சைப் பார்த்தேன். விழுப்புரத்திலே ரயிலுக்காகப் புது டைம் வச்சது ஞாபகம் வந்திச்சு. பழத்தைக் கீழே வச்சிட்டேன். அல்லா காப்பாத்தினான்."

நான் உட்கார்ந்துவிட்டேன். பயத்தில் அல்ல, மேற்கொண்டு எனக்கு அங்கே வேலை இருக்கவில்லை. கறிக்கடை பாஷாதான் மெதுவாக எழுந்தார். அன்று நகரா மேடையில் ஏறி உங்கள் சட்டையைப் பிடித்தவர் அவர்தான்.

"அப்ப மொத தபா வாட்சைப் பார்த்து அடிக்கச் சொன்னது நீதானா? சரி, அது தெரியாத தப்பு. உன் வாயிலே போவக் கூடாதுன்னு பழத்தைக் கீழே வச்சியே, எங்க வாயிலே கஞ்சி போய்க்கினு இருந்திச்சே, ஒரு சத்தம் குடுத்திருக்கலாம் இல்லே?"

முதலாளி ஹஜ்ரத்தைப் பார்த்தார். ஹஜ்ரத் கூரையைப் பார்த்தார். ஊர் நோன்பைப் போகவிட்டுத் தன் நோன்பை மட்டும் காத்துக்கொண்டவருக்கு எந்த மார்க்கக் கிதாபில் என்ன போட்டிருக்கிறது என்று தேடினாரோ என்னவோ. கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது, வழக்கம்போல முதலாளியின் செருப்பைத் திருப்பி வைக்க யாரும் குனியவில்லை. மறுநாள் பாஷா உங்கள் கபருக்கு வந்து, தலைமாட்டில் முளைத்திருந்த முள்ளைத் தன் கையால் பிடுங்கினார். நான் அவரைத் தேற்றவில்லை.

நீங்கள் இருந்திருந்தால், "போதும்டா, விடு" என்று சொல்லியிருப்பீர்கள் என்பது எனக்குத் தெரியும். ஆகவே ஒரு வாக்கு கொடுக்கிறேன். இந்த ரமலான் முழுக்க அவரைப் பற்றி ஒரு சொல் பேச மாட்டேன். பெருநாள் தொழுகை முடிந்ததும் அவரை மன்னிப்பது பற்றி யோசிப்பேன். எந்த வருஷத்துப் பெருநாள் என்று மட்டும் கேட்காதீர்கள்.

முதலாளி மண்டியை மருமகனிடம் ஒப்படைத்துவிட்டு, சென்ற வாரம் விழுப்புரத்துக்குக் குடிபோய்விட்டார்.

இப்படிக்கு,
சாக்குத் தைத்தவரின் மூத்த மகன்