கடல்பசுவின் விலா

மாப்ளே, உன் பிஸ்கட் டின்னைத் திறந்ததும் காய்ந்த பாசி நாற்றம் மூக்கில் ஏறியது. சுற்றிலும் மலை. நடுவே உத்தமபாளையத்தில், உன் வீட்டு அலமாரியில், ராமநாதபுரம் கடற்கரை இத்தனை வருடமும் மூடிக் கிடந்திருக்கிறது.

உன் மனைவிதான் நேற்று வரச் சொல்லியிருந்தார். "வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போறோம்ணே. கல்லையெல்லாம் தோப்புல கொட்டிரச் சொல்றாக எங்க மாமனாரு. எதை வைக்கணும், எதைக் கொட்டணும்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

பவளம், சங்கு, நண்டு பதிந்த களிமண் உருண்டை. ஒவ்வொன்றாக ஒதுக்கிவைத்தேன். அடியில் அது கிடந்தது. விரல் தடிமனுக்கு வளைந்த, கறுத்த, கனமான துண்டு.

கல்லூரியில் நாம் இருவரும் நிலவியல் பாடம் நடத்திய காலத்தில், விடுமுறை தோறும் பஸ் ஏறி அந்தக் கரைக்குப் போவோம். இதைக் கண்டெடுத்தவன் நான். கல்லாய்ப்போன மரம் என்றேன். எலும்பென்றால் உள்ளே பொந்து இருக்க வேண்டுமே என்றேன். "கடல்பசு விலா அப்படித்தான் மாப்ளே, கெட்டியா இருக்கும். தண்ணிக்குள்ள முங்கி நின்னு புல்லு மேய பாரம் வேணாமா?" என்றாய். நான் ஒப்பவில்லை. கல்லூரிக் கண்காட்சியில் மரம் என்றே எழுதிவைத்தேன். நீ அத்தனை பேர் முன்னால், "ஏலே, வெறகுக்கடை போட்டிருக்கியா?" என்று கேட்டாய். சிரித்துவிட்டு எல்லாரும் போயிருந்தால் பரவாயில்லை. அன்று முதல் ஆசிரியர் அறையில் எனக்கு விறகுக்கடை என்றே பெயர். நீ ஒருநாளும் அதைத் தடுக்கவில்லை. பிறகு துறைத் தலைவர் பதவியும் உனக்கே போனது. பெருநாள் பிரியாணிக்கு நீ ஆள் அனுப்பியும் நான் வரவில்லை. உன் அடக்கத்துக்கு வந்தவன், கடைசி வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

நேற்று உடைந்த முனையை நனைத்து லென்ஸில் பார்த்தேன். மரத்தின் வளையம் எதுவும் இல்லை. ஊசி குத்தியதுபோல வட்ட வட்டமாகத் துளைகள். எலும்பேதான்.

மரம் என்று சொல்லியிருந்தால் தோப்புக்குப் போயிருக்கும். அந்த வீட்டில் யாருக்கும் தெரியப்போவதில்லை. எனக்கும் கோபப்பட்டு அலுத்துவிட்டது. ஆனால் விட்டுக்கொடுக்கவும் மனம் வரவில்லை. டீ ஆறிப்போகும்வரை அந்தத் துண்டைக் கையிலேயே வைத்திருந்தேன்.

"இது கடல்பசு எலும்பு, தங்கச்சி. கொட்டிராதீங்க."

அவர் என்னையே பார்த்தார். "அப்ப அவுக சொன்னதுதான் சரியாண்ணே?"

"சரிதான்."

அந்த ஒரு சொல்லை, நீ உயிரோடு இருந்திருந்தால் உன்னிடம் சொல்லியிருக்கமாட்டேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. இன்னும் தனியாக அந்தக் கரைக்குப் போகிறேன்; முழங்கால் ஒத்துழைப்பதில்லை. குனிந்து ஒன்றை எடுத்து, இன்னதென்று வாய்விட்டுச் சொல்கிறேன். சொன்ன பிறகு, யாராவது இல்லை என்று மறுப்பதற்காகக் கொஞ்ச நேரம் அப்படியே நிற்கிறேன்.