முப்பத்தொன்றாம் எண் ஆலை

அன்புள்ள அப்பாவுக்கு, மகள் ரெட்னோ பணிந்து எழுதுவது. உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மா மாத்திரையை விடாமல் போடுகிறாளா? சிங்கப்பூரில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அலுவலகத்தில் ஒரு வேடிக்கை. உலகத்து எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளின் திறனையும் செலவையும் ஒப்பிட்டு அறிக்கை அனுப்பினோம். அதில் ஆலைகளுக்குப் பெயர் இல்லை, எண்தான். ஆசியாவிலேயே கடைசி இடம் முப்பத்தொன்றாம் எண்ணுக்கு. இயந்திரம் இயக்க மட்டுமே அங்கே அவ்வளவு ஆட்கள்.

“இவங்க எண்ணெய் காய்ச்சுறாங்களா, கல்யாண விருந்து நடத்துறாங்களா?” என்றார் மேலாளர் குவெக். எல்லாரும் சிரித்தார்கள்.

அதை மூடலாம் என்ற வரியை எழுதியவள் நான். அறிக்கை போன பிறகுதான் அந்த ஆலையின் படிவத்தைப் பிரித்தேன். தேநீர் போடுகிற இருவர், தொழுகைக்கு முரசு அடிக்கிற ஒருவர், தோட்டக்காரர்கள், எல்லாரும் ‘இயந்திரம் இயக்குவோர்’ என்று எழுதியிருந்தது. யாரையாவது கீழ்நிலை வேலைக்காரர் என்று எழுதினால் மனசு சங்கடப்படுமே என்று இப்படி நிரப்புகிறவர் நீங்கள் ஒருவர்தான், அப்பா. அது உங்கள் ஆலை. அறிக்கையைத் திருத்தக் கேட்டேன். முடியாதாம்.

கொஞ்சம் இறால் விழுது அனுப்புங்கள். உங்கள் பழைய கம்பளிச் சட்டையும் வேண்டும், இங்கே ஏசி குளிர் தாங்கவில்லை.

தபால்காரர் பெட்டியைத் திறந்து கடிதங்களை எடுக்கும் நேரமாகிவிட்டது. குவெக் சொன்னபோது நானும் சிரித்தேன், அப்பா.

ரெட்னோ