கணக்கப்பிள்ளை சிரித்த படம்

நேற்று பசறையிலிருந்து மடுல்சீமைக்கு ஏறும் பஸ்ஸில் உன் குரலைக் கேட்டேன். முன் சீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள் ஒரே போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பஸ் வளையும்போதெல்லாம் போனும் அவர்களோடு சேர்ந்து சாய்ந்தது. அதில் நீ இருந்தாய். குளவி கொட்டி வீங்கிய முகம், முதுகில் தேயிலைக் கொழுந்துக் கூடை, கையில் தராசுக் கொக்கி. கொக்கியில் ஒரு சாக்கு, சாக்குக்குள் கணக்கப்பிள்ளை. "சாக்குக்குக் கழிச்சாச்சு, தண்ணிக்குக் கழிச்சாச்சு. இன்னிக்கும் உங்களுக்கு அரைப் பேர்தான் ஐயா, அரை நாள் சம்பளந்தான்," என்றாய்.

ஒருத்தி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். மற்றவள், "இதுல சிரிக்க என்னடி இருக்கு? பாவமா இருக்கு," என்றாள்.

"பேய்ப் படத்துல பாவம் பாக்குறியே."

"பேய்ப் படம்னு நீதான் சொன்ன. எனக்கு அப்படித் தெரியல."

இறங்கும்வரை அந்தச் சண்டை தீரவில்லை. படத்தில் வரும் பெண் போன மார்கழியில் இறந்துவிட்டாள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் சிரிப்பவள் சிரிப்பை நிறுத்திவிடுவாள். உனக்கு அது பிடிக்காது என்று விட்டுவிட்டேன். அதனால் சொல்ல வேண்டியதை உனக்கே எழுதுகிறேன். நீ போன பிறகு நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

உன் அம்மா பார்வதி இறந்தபோது நாம் இருவரும் ஒன்பதாம் வகுப்பில் இருந்தோம். மேல் மலையில் கொழுந்து பறிக்கும்போது குளவிக் கூடு கலைந்தது. மற்றப் பெண்கள் உருண்டு புரண்டு ஓடித் தப்பினார்கள். உன் அம்மா சரிவில் விழுந்துவிட்டார். அவரைச் சாக்குப் படங்கில் போட்டு ரோட்டுக்குத் தூக்கி வந்தார்கள். அங்கே கொழுந்து லொறி நின்றது. கொழுந்து ஏற்றி முடியட்டும், லொறி முதலில் ஃபாக்டரிக்குப் போகட்டும், அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கொழுந்து நிறுத்துக் கணக்கெழுதும் கணக்கப்பிள்ளை சொன்னார். பெண்கள் அழுது பார்த்தார்கள். லொறி ஃபாக்டரியில் இறக்கிவிட்டுத்தான் திரும்பியது. பசறை ஆஸ்பத்திரிக்கு வரும் முன்பே உன் அம்மாவுக்கு மூச்சு நின்றுவிட்டது.

அந்த மனிதரை வேறு தோட்டத்துக்கு மாற்றினார்கள். வேலையை விட்ட பிறகு பதுளையில் வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார் என்று கேள்விப்பட்டோம். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு நான் பதுளையில் புடவைக் கடைக்கு வேலைக்குப் போனேன். நீ தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், கொழுந்துக்குப் போகும் தாய்மார் விட்டுப்போகும் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டாய். அங்கேதான் யோகா உன்னைக் கண்டான். பண்டாரவளையில் கல்யாண வீடியோ எடுப்பவன். நண்பர்களோடு சேர்ந்து ஒரு பேய்ப் படம் எடுக்கப் போவதாகவும், தோட்டத்தில் செத்துப்போன பெண் பேயாக வந்து பழி வாங்கும் கதை என்றும் சொன்னான். எப்படிச் சாகிறாள் என்று அவன் இன்னும் முடிவு செய்திருக்கவில்லை.

நீ தொட்டிலை ஆட்டிக்கொண்டே, "குளவி கொட்டி சாகட்டும். லொறி நிக்கட்டும். ஏத்த மாட்டேன்னு சொல்லட்டும்," என்றாய்.

நீ கற்பனையில் சொல்கிறாய் என்று நினைத்து அவன் மகிழ்ந்து போனான். பழி வாங்குவதைச் சிரிப்பாக எடுக்க வேண்டும் என்றதும் நீதான். அவனுக்குப் பயம் மட்டும்தான் வேண்டியிருந்தது. "பயந்தா சாமிகிட்டப் போயி நூல் கட்டிக்குவாங்க, மறுநாள் மறந்துருவாங்க. சிரிச்சாங்கன்னா வீட்டுல போயும் பேசுவாங்க," என்று அவனோடு வாதாடினாய். கணக்கப்பிள்ளையைக் காலையில் வேலைக்கு ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்தில் தனியாக நிற்க வைத்துப் பேர் கூப்பிடுவது, அவர் சோற்றுத் தட்டில் கொழுந்து முளைப்பது, அவரையே சாக்கில் கட்டி நிறுப்பது எல்லாம் உன் தலையில் உதித்தவை. நடிக்க ஆள் தேடியபோது, "நானே செய்யுறேன்," என்றாய்.

"அப்பாகிட்டக் கேட்டியா?" என்றேன்.

"படம் எடுக்குறாங்கன்னு சொன்னேன். என்ன கதைன்னு அவரு கேக்கல. நானும் சொல்லல."

பதுளையில் ஒரு மண்டபத்தை எடுத்து முதல் தடவை காட்டினீர்கள். தோட்டத்துச் சனம் லொறியிலும் பஸ்ஸிலும் வந்தது. டவுன் ஆட்களும் நோட்டீஸைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். உன் அப்பா வெள்ளைச் சட்டை போட்டு முன் வரிசையில் உட்கார்ந்தார். நாம் இருவரும் பக்கவாட்டில் சுவரோரம் நின்றோம். நீ திரையைப் பார்க்கவில்லை. முகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய்.

குளவிக் காட்சியில் யாரும் பேசவில்லை. லொறிக் காட்சியில் பின்னாலிருந்து ஒரு பெண் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினாள். பேய் வந்த பிறகு மண்டபம் மாறிவிட்டது. தராசுக் காட்சியில் நம் லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்கள். ஆயுள் முழுக்கப் பறித்த கொழுந்தின் நிறையில் கழிக்கப்பட்டவர்கள் அவர்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில் உன் அப்பா எழுந்தார். வரிசையைக் கடந்து, யாரையும் பார்க்காமல் வெளியே போய்விட்டார். நீ பின்னால் போகப் பார்த்தாய். நான்தான் உன் கையைப் பிடித்தேன். ஏனென்றால் அதே நேரத்தில் நான் இன்னொருவரைப் பார்த்துவிட்டேன்.

நடு வரிசையில் அந்தக் கணக்கப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். தலை நரைத்திருந்தது, உடம்பு இளைத்திருந்தது. ஆனால் அவர்தான். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சுற்றியிருந்தவர்கள் எல்லாரையும் விடச் சத்தமாக, தொடையைத் தட்டிச் சிரித்தார். படத்தின் கடைசியில் குளவிக் கூட்டம் கணக்கப்பிள்ளையைத் துரத்துகிறது. அவர் லொறியில் ஏறப் பார்க்கிறார், லொறி நிறையக் கொழுந்து, இடமில்லை, அங்கேயே விழுந்து சாகிறார். மண்டபம் கை தட்டியது. நடு வரிசையில் அவரும் தட்டினார்.

வெளிச்சம் போட்டதும் ஆளுக்கொன்று பேசினார்கள். சங்கத்துக்காரர் ஒருவர் யோகாவைப் பிடித்து, "துரைய விட்டுட்டீங்க, கம்பெனிய விட்டுட்டீங்க, கணக்கப்பிள்ளைய மட்டும் கொன்னா சரியாப் போச்சா?" என்றார். கோயில் கமிட்டிக்காரர், செத்தவர்களை வைத்துக் கூத்தாடுவது பாவம் என்றார். "நம்ம சாவுக்கு நாம சிரிக்காம வேற யாரு சிரிக்கிறது?" என்று நம் லயத்துப் பெண் ஒருத்தி அவருக்குத் திருப்பிச் சொன்னாள். பேய் பயமாகவே இல்லை என்று சில பையன்கள் சலித்துக்கொண்டார்கள். இதற்கிடையில்தான் அந்த மனிதர் நேராக உன்னிடம் வந்தார்.

"நல்லா நடிச்சிருக்கீங்க பிள்ள. அந்தக் காலத்துல அப்படிச் சில பேரு இருக்கத்தான் செஞ்சாங்க," என்றார்.

நீ அவர் முகத்தையே பார்த்தாய். பிறகு, "நன்றிங்க ஐயா. பாத்துப் போங்க, படியில இருட்டா இருக்கு," என்றாய். உன் விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கியதில் வளையல் பதிந்துவிட்டது.

அவர் போனதும், "ஏன் சொல்லல? இன்னாரோட மகள்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா மன்னிப்புக் கேட்டிருப்பாரு. அப்பறம் நா அத வாங்கிக்கணுமே," என்றாய்.

உன் அப்பா மண்டபத்துக்கு வெளியே, மூடிக் கிடந்த ஒரு கடையின் படியில் உட்கார்ந்திருந்தார். நீ போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாய். திட்டுவார் என்று நான் நினைத்தேன்.

"உங்கம்மா படத்துல வர்ற மாதிரி பல்லக் காட்டிச் சிரிக்கமாட்டா. வாயப் பொத்திக்கிட்டுத்தான் சிரிப்பா," என்றார்.

"எனக்கு ஞாபகமில்லப்பா."

அவர் ரோட்டைப் பார்த்தபடி கேட்டார். "கடைசியில அவன் செத்தானா?"

"செத்துட்டான்."

"அப்பறம் அவ வீட்டுக்கு வந்தாளா?"

படத்தில் அப்படி ஒன்றும் இல்லை. பழி தீர்ந்ததும் படமும் முடிந்துவிடுகிறது.

அடுத்த வாரம் பண்டாரவளைக்குப் போய், முடிவில் இன்னும் ஒரு காட்சி வேண்டும் என்று யோகாவிடம் கேட்டாய். கை தட்டி முடிந்த படத்தில் கை வைக்க அவனுக்கு மனமில்லை. நீ விடவில்லை. கடைசியில் அந்தக் காட்சியை உங்கள் லயத்துக் காம்பராவிலேயே எடுத்தார்கள். பழி தீர்த்த பெண் தன் லயத்துக்கு வருகிறாள். உள்ளே அவள் புருஷன் தனியாக அடுப்பு மூட்டுகிறான். அவனுக்கு அவள் தெரியவில்லை. குளிர் காற்று வருகிறது என்று கதவைச் சாத்துகிறான். அவ்வளவுதான். புருஷனாக வந்தது உன் அப்பா. "நா என்ன செய்யணும்?" என்று கேட்டார். "ஒண்ணும் செய்ய வேணாம்பா. எப்பவும் போல இருங்க," என்றாய்.

வாசலில் நீ உன் அம்மாவின் சேலையைக் கட்டிக்கொண்டு நின்றாய். அவர் கதவுக்கு வந்தார், உன்னைத் தாண்டி வெளியே பார்த்தார், சாத்தினார். யோகா போதும் என்று சொல்லிக் காமிராவை நிறுத்திய பிறகும் அந்தக் கதவு திறக்கவில்லை. நாம் எல்லாரும் மழைத் தூறலில் காத்துக்கொண்டிருந்தோம். யாரும் தட்டவில்லை.

புது முடிவோடு பண்டாரவளையில் காட்டியபோது யாரும் கை தட்டவில்லை. "நல்லா சிரிச்சிக்கிட்டு இருந்தோம், கடைசியில கெடுத்துட்டீங்க," என்று பலர் நேரிலேயே சொன்னார்கள். யோகாவுக்கு உன் மேல் கோபம். ஆனால் பெரகலப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் எல்லாரும் போன பிறகும் நாற்காலியை விட்டு எழவில்லை. நீ கிட்டப் போனதும், "அவரு கதவச் சாத்தாம இருந்தா அவ உள்ள போயிருப்பாளா?" என்று கேட்டாள்.

"தெரியலக்கா," என்றாய். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அவளுக்கு யார் செத்துப் போனார்கள் என்று நாம் கேட்கவில்லை.

அதன் பிறகு உனக்கு மார்பில் கட்டி வந்ததையும், பதுளை ஆஸ்பத்திரிக்கு வந்து வந்து போனதையும் நான் எழுதப் போவதில்லை. அந்த நாட்களில் என் கடைக்கு வந்து துணிக் கட்டுகளுக்கு நடுவில் சாய்ந்து தூங்குவாய். நானா என்று நாங்கள் கூப்பிடும் முதலாளி ஒன்றும் சொல்லமாட்டார், ஃபேனை உன் பக்கம் திருப்பி வைப்பார். ஒரு நாள் தூங்கி எழுந்து, "எல்லாருக்கும் பிடிச்சிருந்தா நா ஏதோ தப்பா எடுத்திருக்கேன்னு அர்த்தம்," என்றாய். படத்தைப் பற்றி நீ பேசியதில் அதுதான் கடைசி.

இனி உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன்.

தை மாதம் ஒரு காலை அந்த மனிதர் எங்கள் கடைக்கு வேட்டி எடுக்க வந்தார். வேட்டியை விரித்துக் காட்டினேன். அவர் என்னைப் பார்த்து, "அன்னைக்கு அந்தப் பேயா நடிச்ச பிள்ளையோட நின்னது நீங்கதானே?" என்றார். ஆமாங்க என்றேன். அடுத்த படம் எப்போது என்று கேட்டார். நீ இறந்துவிட்டதைச் சொன்னேன்.

அவர் கை வேட்டியின் மேலேயே நின்றது. "பார்வதியோட மகதானே அது?" என்றார்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"படத்துல லொறி வந்தப்பவே தெரிஞ்சிருச்சு. அது பார்வதி கதைன்னு. அந்தப் பிள்ளைக்கும் பார்வதி சாயல். சிரிக்காம உக்காந்திருந்தா எல்லாரும் என்னையப் பாப்பாங்கன்னு தோணிச்சு. அதான் சிரிச்சேன். அப்பறம் நிறுத்த முடியல. அந்தப் பிள்ளைக்கு என்னைத் தெரியுதான்னு பாக்கத்தான் கிட்டப் போய்ப் பேசினேன். படி இருட்டா இருக்குன்னு சொல்லிச்சு. தெரியலன்னு நினைச்சு நிம்மதியா வீட்டுக்குப் போயிட்டேன்."

"அவளுக்குத் தெரியும்," என்றேன்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நீ அன்று என்னிடம் சொன்னதை நான் அவரிடம் சொல்லவில்லை. அது நீ எனக்குச் சொன்னது. முதலாளி நானா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அந்த மனிதர் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு, "அவங்க அப்பா இருக்காரா?" என்று கேட்டார்.

"இருக்கார்."

"போயிப் பாக்கலாமா?"

"அத அவருகிட்டத்தான் கேக்கணும்," என்றேன். கேட்டுச் சொல்லுங்கள் என்று எழுந்து போனார். வேட்டியை எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையே நான் தோட்டத்துக்குப் போனேன். உன் அப்பா வீட்டுக்குப் பின்னால் போஞ்சிக் கொடிக்குக் குச்சி ஊன்றிக்கொண்டிருந்தார். நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன், அந்த மனிதர் சிரித்த காரணத்தையும் சேர்த்து. கேட்டுக்கொண்டே உன் அப்பா கடைசிக் குச்சியையும் ஊன்றி முடித்தார். பிறகு கையைக் கழுவிவிட்டு வந்தார்.

"வரச் சொல்லு. தேத்தண்ணி குடுக்குறேன். ஆனா அவரு ஒண்ணும் பேச வேணாம்னு சொல்லிரு. நா பேசணும். நா பேசி முடிக்கிற வரைக்கும் உக்காந்து கேட்டுட்டுப் போகட்டும்."

அந்த மனிதர் இன்னும் கடைக்கு வரவில்லை. வீடு எங்கே என்று எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் தேடிப் போகமாட்டேன், அவராக வர வேண்டும். ஒவ்வொரு மாதமும் உன் அப்பாவைப் பார்க்கப் போகிறேன். "வந்தாரா?" என்று மட்டும் கேட்கிறார். இல்லை என்கிறேன். அவர் கோபப்படுவதில்லை. பேச வேண்டியதை மனதுக்குள் ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்கிறார் என்று அந்த முகத்தைப் பார்த்தால் தெரிகிறது.

கடைக்குள் வயதான ஆண் யார் வந்தாலும் நிமிர்ந்து பார்க்கிறேன். உன் அப்பா சொல்லியனுப்பியதை ஒரு சொல் கூட்டாமல், குறைக்காமல் சொல்ல வேண்டும். அதைத்தான் இப்போது சுமந்துகொண்டிருக்கிறேன்.