ருசி பார்க்காத ரிக்கோட்டா உருண்டை

வெள்ளிக்கிழமை, இரவு பதினொன்றரை

இன்று ஒரு பொய்க்குக் கையெழுத்து வைத்தேன்.

ஈஸ்ட் டாமாக்கியில் எங்கள் தொழிற்சாலை செய்வது ரிக்கோட்டா என்ற மென்மையான சீஸில் பிடிக்கும் இத்தாலிய உருண்டைகள். ஒவ்வொரு கலவையிலும் ஒன்றை அவித்து நான் ருசி பார்த்த பிறகுதான் பெட்டியில் அடைப்பார்கள். அதில் துருவிப் போடும் பார்மசான் சீஸைக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறையால் உறைய வைக்கிறார்கள். அதனால் என் வெள்ளிக்கிழமை விரதத்தன்று என்னோடு வேலை செய்யும் செல்விதான் ருசி பார்ப்பாள். இன்று அவள் வரவில்லை.

உருண்டை கொஞ்சம் புளித்து மணந்தது. ரிக்கோட்டா அப்படித்தான் மணக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அதைக் குப்பையில் போட்டுவிட்டு, ருசி பார்த்ததாகத் தாளில் ‘சரி’ போட்டுக் கையெழுத்து வைத்தேன். மத்தியானமே லொறி போய்விட்டது.

இரவு ஒன்பது மணிக்கு சூப்பர்வைசர் பாலா அண்ணை எனக்குப் போன் எடுத்தார்.

“ஒரு ரெஸ்டோரன்டில எங்கட உருண்டை சாப்பிட்ட ஆள் வயித்தைப் பிரட்டிச் சத்தி எடுத்தவராம், தங்கச்சி. நீங்கள் வாயில வச்சுப் பாத்தனீங்கள்தானே?”

“ஓம் அண்ணை.”

“அப்ப பிழை அவை சமைக்கிற குசினியிலதான்,” என்று நிம்மதியாக வைத்துவிட்டார்.

வேலையாட்களுக்குத் தரும் பெட்டியை, அதே கலவையில் ஒன்றை, வழக்கம்போல வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். எறிந்துவிடலாம் என்று இப்போதுதான் ஃபிரிட்ஜைத் திறந்தேன். பெட்டி இல்லை. கழுவாத கிண்ணம் ஸிங்கில் கிடக்கிறது.

மகளின் கதவைத் தட்டினேன்.

“ஐ ஆம் ஃபைன், அம்மா. ஜஸ்ட் டயர்ட்.”

பாலா அண்ணையின் நம்பர் போனில் முதலாவதாக நிற்கிறது. நான் இன்னும் அவரைக் கூப்பிடவில்லை. பாத்ரூம் விளக்கு மூன்றாம் தடவையாக எரிகிறது.