உடைத்த கப்பலின் நம்பர்

என் பிரியமான அண்ணே,

பூவத்து வயலில் சம்பா நன்றாக விளைந்திருக்கிறது, அண்ணி நலம், நானும் நலம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் உன்னிடம் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

உன் மகன் முகிலன் கப்பலுக்குப் போய்விட்டான். "அப்பா பார்த்த வேலைதானே, அத்தை" என்று சிரித்துக்கொண்டே காரைக்காலில் பஸ் ஏறினான். ஏஜென்ட் கப்பலின் பெயரை மட்டும் சொல்லியிருந்தார். அண்ணி திருநள்ளாற்றில் விளக்குப் போட்டுவிட்டு வந்தார்.

கப்பல் எங்கே போகிறது என்று காட்டும் ஆப்பை என் போனில் ஏற்றித் தந்தாயே, அது இன்னும் இருக்கிறது. "கப்பலுக்குப் பேரு மாறும், கொடி மாறும். உடம்புல போட்ட நம்பரு மட்டும் சாகிற வரைக்கும் மாறாது. இதப் போட்டு வச்சுக்க, நான் எங்க இருக்கேன்னு தெரியும்" என்றாய். அது உன் கடைசிக் கப்பலின் நம்பர். அந்தக் கப்பலை உடைக்கிற கரைக்கு ஓட்டிப் போனதும் நீதான். வீட்டுக்கு வந்ததும் தலைமுழுகிவிட்டு, "அதுக்குக் கருமாதி முடிச்சுட்டேன், செல்வி, சோத்தப் போடு" என்று உட்கார்ந்தாய். அதன் பிறகு ஆப்பில் அந்தக் கப்பலைக் காட்டும் குறி அசையவே இல்லை. நீயும் கண்ணை மூடிய பிறகு அதை அழிக்க எனக்கு மனம் வரவில்லை.

போன வாரம் அது அசைந்தது, அண்ணே.

தொட்டுப் பார்த்தேன். நம்பர் உன் கப்பலுடையது. பெயர், முகிலன் ஏறிய கப்பலுடையது. நம் ஊர்த் தேர்தலில் செத்தவர் ஓட்டை எவனாவது போட்டுவிட்டுப் போவானே, அந்த மாதிரி ஏதோ ஒரு கப்பல் 'நான்தான் அது' என்று சொல்லிக்கொண்டு போகிறது. சொந்த நம்பரைச் சொல்ல முடியாத கப்பல் எதை ஏற்றிக்கொண்டு போகும்? எங்கே போகும்?

முகிலனுக்குப் போன் கிடைத்தது. "இன்ஜின் ரூம் சுவத்துல நம்பர் எழுதியிருக்காங்க, அத்தை. பெயிண்ட் இன்னும் காயல, கையில ஒட்டுது" என்றான். இந்த முறை சிரிக்கவில்லை. இறங்கி வந்துவிடு என்றேன். "பாஸ்போர்ட்ட வாங்கி வச்சுக்கிட்டாங்க."

அன்று மாலையே குறி மறைந்துவிட்டது. கப்பலின் பெயரையும் நம்பரையும் ஓயாமல் சொல்லும் பெட்டியை அவர்களே அணைத்திருப்பார்கள். அப்படித்தானே இருக்கும்? ஏஜென்ட் போனை எடுப்பதில்லை. புகார் கொடுக்கப் போன இடத்தில் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இத உடைச்சாச்சேம்மா. இல்லாத கப்பல எங்கன்னு தேடுறது?" என்றார்கள். எனக்கு வந்த கோபத்தில் நாற்காலியைத் தள்ளிவிட்டு வந்தேன்.

விளக்கு வைத்த பிறகு வாசலில் யார் கூப்பிட்டாலும், மூன்றாம் குரலுக்குத்தான் அம்மா எழுந்து போவார். காத்து கருப்புக்கு மூன்று முறை கூப்பிட வராதாம். "கப்பல் ரேடியோவுலயும் அதே கதைதாம்மா. கூப்பிடுற கப்பல் பேர மூணு தடவ சொல்லிட்டுத்தான், நான் இன்னாருன்னு சொல்லுவோம்" என்று நீ கேலி செய்வாய். அண்ணி அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. அம்மாவின் பழக்கம் அவருக்கும் ஒட்டிக்கொண்டது.

நேற்று விளக்கு வைத்துவிட்டுத் திரும்பியபோது அண்ணியின் போன் அடித்திருக்கிறது. தெரியாத, நீளமான நம்பர். அடித்து நின்றது. மறுபடி அடித்து நின்றது.

"மூணாவது தடவயும் வந்தா எடுக்கலாம்னு இருந்தேன், செல்வி. வரல."

அது நடுக்கடலிலிருந்து பேசும் சாட்டிலைட் போன் நம்பர் என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்? திருப்பிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன், போகவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, அண்ணே.

அண்ணியின் போனை வாங்கி என் மடியில் வைத்திருக்கிறேன். இனி எந்த நேரத்தில், எந்த நம்பரிலிருந்து வந்தாலும் முதல் மணியிலேயே எடுப்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு. பதிலுக்கு நீயும் ஒரு வாக்குத் தர வேண்டும்.

அங்கிருந்து நீ அவனைக் கூப்பிட்டுவிடாதே.

உன் தங்கச்சி,
முகிலனின் அத்தை,
செல்வி